அப்பா நிலம், கம்பெனி பணம்: குடோன் கட்டும் முன் முடிக்க வேண்டியவை

கரூர்ப் பக்கத்திலிருந்து 38 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

1989-ல் அவருடைய அப்பா சில தறிகளோடு தொடங்கிய நிறுவனம். இன்று பெட்ஷீட், திரைச்சீலை, மேசை விரிப்பு என்று வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பார்ட்னர்ஷிப் நிறுவனம், அப்பா, அண்ணன், இவர் மூவரும் பங்குதாரர்கள். தங்கை திருமணமாகி நாமக்கல்லில் இருக்கிறார். நூல், துணி, பேக்கிங் முடிந்த பெட்டிகள் எல்லாம் இப்போது மூன்று வாடகை குடோன்களில் சிதறிக் கிடக்கின்றன. அதில் ஒன்றுக்குக் கண்டெய்னர் லாரி போகாது. தெருமுனையில் நிறுத்தி, டெம்போவில் கொண்டுவந்து ஏற்ற வேண்டும். போன ஐப்பசி மழையில் இன்னொன்றின் கூரை ஒழுகி, கப்பலேற வேண்டிய பெட்டிகள் நனைந்து, ஒரு ஆர்டரே தள்ளிப் போயிருக்கிறது.

அதனால் சொந்தமாகக் கட்டிவிடலாம் என்று முடிவு. 1996-ல் அப்பா தன் பெயரில் வாங்கிய 1 ஏக்கர் 80 சென்ட் புஞ்சை நிலம் தொழிற்சாலையிலிருந்து ஆறு கிலோமீட்டரில் இருக்கிறது. அதில் 20,000 சதுர அடியில் இரும்புச் சட்ட ஷெட் போட 2 கோடியே 40 லட்சம் மதிப்பீடு வந்திருக்கிறது. பாதி நிறுவனத்தின் கையிருப்பு, பாதி வங்கிக் கடன். அண்ணன் சொல்வதாக அவர் எழுதியிருப்பவை இவை: பஞ்சாயத்துத் தலைவரிடம் ஒரு அனுமதி வாங்கினால் போதும். குடும்பத்துக்குள் எழுத்து எதற்கு? தங்கைக்கு நகையும் சீரும் செய்தாயிற்று. வேண்டுமானால் பங்கை விட்டுக்கொடுத்ததாக ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். கட்டுமானத்துக்குக் கட்டும் ஜி.எஸ்.டி. முழுக்கத் திரும்ப வந்துவிடும். ஷெட்டுக்குள் பாதிப் பரப்பில் ஒரு மேல்தளம் போட்டால் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் இரவில் அங்கேயே தங்கிக்கொள்ளலாம். தை பிறந்ததும் பூமி பூஜை. 'எனக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது. ஆனால் எதைச் சொல்லி அண்ணனை நிறுத்துவது என்று தெரியவில்லை' என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

உங்களுக்கு உறுத்துவதில் நியாயம் இருக்கிறது. அண்ணனும் தவறான மனிதரில்லை. இருபது வருடமாகச் சரக்கு வாங்கி, தைத்து, அனுப்பிப் பழகியவருக்கு வேலை நடக்க வேண்டும் என்பதுதான் முதலில் தெரியும். ஆனால் ஷெட் என்பது சரக்கு இல்லை. ஒரு தடவை மண்ணில் ஊன்றிவிட்டால் அது யாருடைய மண் என்ற கேள்வி கூடவே வந்துவிடும். உங்கள் கடிதத்தில் இதற்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு வரி. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நிலம் உண்மையில் யாருடையது?

பத்திரம் அப்பா பெயரில் இருக்கிறது என்கிறீர்கள். 1996-ல் அதற்குப் பணம் எங்கிருந்து போனது? அப்பாவின் சொந்தச் சேமிப்பா, நிறுவனத்தின் வங்கிக் கணக்கா, இல்லை தாத்தா வழி நிலம் எதையாவது விற்ற பணமா? பார்ட்னர்ஷிப் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, வேறு எண்ணம் இருந்தது என்று தெரியாதவரை, நிறுவனப் பணத்தில் வாங்கியது நிறுவனத்துக்காக வாங்கியதாகவே கொள்ளப்படும். பத்திரத்தில் ஒரு பங்குதாரரின் பெயர் மட்டும் இருந்தாலும் அப்படித்தான். அதனால் ஆடிட்டர் அலுவலகத்தில் சொல்லி, அந்த ஆண்டின் பேலன்ஸ் ஷீட்டைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். சொத்துப் பட்டியலில் அந்தப் புஞ்சை இருக்கிறதா, அப்பாவின் மூலதனக் கணக்கில் அந்தத் தொகை பற்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு தாளைப் பார்க்காமல் மற்ற எதையும் நான் உறுதியாகச் சொல்ல முடியாது.

அப்பா தன் சொந்தப் பணத்தில் வாங்கியது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது அவருடைய தனிச் சொத்து. அவர் இருக்கும்வரை அதில் உங்களுக்கும் உரிமை இல்லை, அண்ணனுக்கும் இல்லை, தங்கைக்கும் இல்லை. நிறுவனம் அந்த நிலத்தைப் பயன்படுத்துவதாலேயே அது நிறுவனச் சொத்தாகிவிடாது. இப்போது அதன்மேல் நிறுவனம் 2 கோடியே 40 லட்சத்துக்கு ஷெட் போடுகிறது, எழுத்து எதுவும் இல்லை. நாளை அப்பா உயில் எழுதாமல் காலமானால், நிலம் அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை என்று நான்கு சம பங்காகும். மேலே நிற்கும் ஷெட்? 'நாங்கள் அனுமதியோடுதான் கட்டினோம், செலவு எங்களுடையது' என்று நிறுவனம் வாதாடலாம். அனுமதி பெற்று நிரந்தரமாகக் கட்டியவரை எளிதில் வெளியேற்ற முடியாது என்று வசதியுரிமைச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். அதுவரை வங்கி என்ன சொல்லும், புதிய கடன் எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஒரு பங்குதாரர் இறந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, பார்ட்னர்ஷிப்பே கலைந்துவிடும். உங்கள் பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் 'மற்றவர்கள் தொழிலைத் தொடரலாம், இறந்தவரின் வாரிசுகளுக்கு இன்ன முறையில் கணக்குத் தீர்க்க வேண்டும்' என்ற ஷரத்து இருக்கிறதா? பழைய பத்திரங்கள் பலவற்றில் இந்த இடம் ஒரே வரியில் முடிந்திருக்கும். இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்போது புதுப்பித்துவிடுங்கள்.

மூன்று வழிகள்

அப்பா சொந்தமாக வாங்கிய நிலம் என்றால் உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, நிலத்தை அப்பா நிறுவனத்துக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுப்பது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி பீரோவில் வைத்தால் நிற்காது. எத்தனை வருடம், எவ்வளவு வாடகை, ஷெட் யாருடையது, குத்தகை முடிந்தால் நிறுவனம் அதைக் கழற்றி எடுத்துப் போகலாமா அல்லது மதிப்புப் போட்டு நில உரிமையாளர் வாங்கிக்கொள்வாரா, உள்வாடகைக்கு விடலாமா என்பதெல்லாம் இதில் தெளிவாக வர வேண்டும். குத்தகைதாரர் தான் கட்டியதை, நிலத்தை முன்பிருந்த நிலையில் விட்டுவிட்டு எடுத்துச் செல்லலாம் என்று சொத்து மாற்றச் சட்டமே சொல்கிறது. போல்ட் போட்டு நிறுத்தும் இரும்பு ஷெட்டுக்கு இது நன்றாகப் பொருந்தும். நிலம் நிறுவனத்துடையதாக இல்லாவிட்டாலும், குத்தகை உரிமையில் கட்டிய கட்டடத்துக்கு நிறுவனம் வருமான வரியில் தேய்மானம் எடுக்க முடியும். 30 ஆண்டைத் தாண்டினால் முத்திரைத் தீர்வை கூடும் என்பதால் பலரும் அதற்குள் நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்த வழியில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மாதா மாதம் வாடகை என்று ஒரு தொகை அப்பா கணக்குக்குப் போகும். 74 வயதில், பிள்ளைகளிடம் கேட்காமல் கையில் வரும் பணம் அது. அவருக்குப் பிறகும் அம்மாவுக்கு அது தொடர வழி செய்யலாம். ஆனால் அப்பா ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவராக இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் இப்படிப்பட்ட வாடகைக்கான வரியை வாடகை கொடுக்கும் பதிவுபெற்ற நிறுவனம்தான் நேரடியாகக் கட்ட வேண்டும். ஆடிட்டரிடம் இதை மறக்காமல் கேளுங்கள்.

இரண்டாவது, நிலத்தையே அப்பா தன் மூலதனமாக நிறுவனத்துக்குள் கொண்டுவருவது. நிலமும் ஷெட்டும் ஒரே கையில் வந்துவிடுவதால் வங்கிக்கு இது சுலபம். ஆனால் கணக்குப் புத்தகத்தில் எழுதும் மதிப்பை விற்பனை விலையாகக் கருதி அப்பாவுக்கு மூலதன ஆதாய வரி வரும். 1996-ல் வாங்கிய நிலம், இன்றைய விலை என்ன என்று உங்களுக்கே தெரியும். பின்னால் யாராவது ஒரு பங்குதாரர் விலகும்போது நிலத்தைப் பிரித்துக் கொடுத்தால் அப்போதும் வரிச் சிக்கல் வரும். தொழிலில் நஷ்டம் வந்தால், கடன்காரர்கள் கைவைக்கக்கூடிய சொத்தாக நிலமும் ஆகிவிடும். அப்பாவின் கடைசிக் காலப் பாதுகாப்பு அந்த நிலம்தான் என்றால் இந்த வழி வேண்டாம்.

மூன்றாவது, அப்பா உங்கள் இருவருக்கும், அல்லது மூவருக்கும், செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றித் தரும் பத்திரம்) எழுதிக் கொடுப்பது. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலை முதல் அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000. செலவு குறைவு என்பதால் அவசரப்படாதீர்கள். நிபந்தனை எதுவும் இல்லாமல் எழுதிக் கொடுத்த செட்டில்மெண்டைப் பிறகு மனம் மாறித் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. அப்படிக் கொடுத்தாலும், நிறுவனத்துக்கும் புதிய உரிமையாளர்களுக்கும் இடையே குத்தகை எழுதியே ஆக வேண்டும்.

என்னைக் கேட்டால், முதல் வழியோடு அப்பா எழுதும் பதிவு செய்த உயில். குத்தகையில் நிறுவனத்தின் முதலீடு காப்பாற்றப்படும். நிலம் யாருக்குப் போக வேண்டும் என்பதை உயிலில் அப்பா தீர்மானிப்பார். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுவது நல்லது. அவர் தெளிவாக நடமாடும்போதே, அவர் வாயால் சொல்லி எழுதியதாக இருக்க வேண்டும்.

தங்கையின் கையெழுத்து

இந்த இடத்தில் அண்ணனை நீங்கள் மெதுவாக, ஆனால் உறுதியாகத் திருத்த வேண்டும். நகை போட்டதும் சீர் செய்ததும் சொத்துப் பங்குக்கு ஈடாகாது. அப்படி ஒரு சட்டம் இல்லை. அப்பாவின் தனிச் சொத்தில், உயில் இல்லாமல் அவர் காலமானால் மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்கு. 1956-லிருந்தே அதுதான் நிலை. ஒருவேளை அந்த நிலம் பூர்வீகச் சொத்தை விற்ற பணத்தில் வாங்கியது என்று தெரியவந்தால் கதை வேறு. 2005 செப்டம்பர் 9-ல் வந்த திருத்தம் மகளையும் பிறப்பிலேயே பங்காளி ஆக்கியது. அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. அப்போது தங்கைக்கு இன்றைக்கே பங்கு உண்டு. அவரைக் கேட்காமல் அப்பாவே குத்தகை எழுத முடியுமா என்ற கேள்வியும் வந்துவிடும்.

விடுதலைப் பத்திரம் பற்றி. அப்பாவின் தனிச் சொத்தில், அவர் உயிரோடு இருக்கும்போது, தங்கைக்கு உரிமையே இன்னும் வரவில்லை. வராத உரிமையை அவர் எப்படி விட்டுக்கொடுப்பார்? 'நாளைக்குக் கிடைக்கலாம்' என்ற எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாது என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தவர் பிறகு பங்கு கேட்க முடியாது என்று சில வழக்குகளில் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆனால் அதை நம்பி 2 கோடி ரூபாய்க்குக் கட்டடம் எழுப்பாதீர்கள். கையெழுத்து வாங்கினோம் என்ற திருப்தி மட்டும் இருக்கும். அண்ணன் தம்பிமேல் தங்கைக்கு மனக்கசப்பும் மிஞ்சும்.

அப்பா தன் சொத்தை மகன்களுக்கே கொடுக்க விரும்பினால் அது அவர் உரிமை. உயிலிலோ செட்டில்மெண்டிலோ அவரே சொல்லட்டும். தங்கைக்கு வேறு ஏதாவது ஒதுக்க நினைத்தால் அதையும் அதிலேயே எழுதட்டும். தங்கையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவழைத்து, அப்பா அம்மா முன்னிலையில், இந்த இடத்தில் இன்னது கட்டப் போகிறோம், இன்ன ஏற்பாடு என்று சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளையும் கூட இருந்தால் நல்லது. எனக்குத் தெரிந்து பங்கு வழக்குகளில் பாதிக்கு மேல் பணத்துக்காக ஆரம்பிப்பதில்லை. 'என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை' என்பதில்தான் ஆரம்பிக்கின்றன.

பஞ்சாயத்து அனுமதி போதுமா?

போதாது. 20,000 சதுர அடி சேமிப்புக் கிடங்குக்குத் திட்ட அனுமதியை நகர் ஊரமைப்புத் துறையிடம்தான் வாங்க வேண்டும். பஞ்சாயத்து கொடுக்கும் கட்டட உரிமம் அதற்குப் பிறகு வருவது. உங்கள் நிலம் புஞ்சை என்பதால் அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. முழுமைத் திட்டப் (மாஸ்டர் பிளான்) பகுதிக்குள் வந்தால் அந்தச் சர்வே எண் எந்த உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். விவசாயம் என்று இருந்தால் நில உபயோக மாற்றம் கேட்க வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே இருந்தால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவில் அனுமதி. இதில் மாதங்கள் போகும். வங்கியும் இதைக் கேட்கும், ஏனென்றால் கடன் நின்றுபோனால் நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு வழி தருவது சர்பாசி சட்டம்; விவசாய நிலத்தின்மீது அதில் அவர்களால் நடவடிக்கை எடுக்க முடியாது.

அனுமதி இல்லாமல் கட்டினால் நோட்டீஸ், சீல், இடிப்பு என்று எல்லாவற்றுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. 'ஊருக்குள் எத்தனை ஷெட் அப்படித்தான் நிற்கிறது' என்று அண்ணன் சொல்லலாம். நிற்கலாம். ஆனால் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிறைவுச் சான்றைச் சரிபார்க்காமல் கட்டடத்தின்மேல் வங்கிகள் கடன் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் திட்டத்தில் பாதி கடன்.

கடிதத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருந்த இரண்டு விவரங்கள் எனக்குக் கவலை தருகின்றன. நிலத்தின் மேற்கே ஒரு சின்ன ஓடை, மழைக்கு மட்டும் தண்ணீர் வரும் என்கிறீர்கள். நிலத்துக்குப் போவது ஒரு வண்டிப்பாதை, 'காலங்காலமாக எல்லோரும் போகும் வழி' என்கிறீர்கள். தாலுகா அலுவலகத்தில் புலப்படத்தை (நிலத்தின் அளவு வரைபடம்) வாங்கிக்கொண்டு, சர்வேயரைக் கூட்டிப்போய் அளந்து பாருங்கள். ஓடை புறம்போக்கு எங்கே தொடங்குகிறது? இப்போது வேலி போட்டிருக்கும் இடம் அதற்குள் ஒரு மீட்டர் போயிருந்தாலும் வரைபடம் திரும்பி வரும். நீர்வழியை ஒட்டிய நிலம் என்றால் நீர்வளத் துறையின் சம்மதமும் கேட்பார்கள். வண்டிப்பாதை வருவாய்ப் பதிவேட்டில் பொதுப் பாதையாக இருக்கிறதா, அல்லது பக்கத்து நிலத்துக்காரர் பட்டாவுக்குள் ஓடுகிறதா? மாட்டு வண்டி போன வழியில் 40 அடி கண்டெய்னர் போகும்போதுதான் பக்கத்து நிலத்துக்காரர் வாய் திறப்பார். பாதையின் அகலம் விதிக்குப் பொருந்தாவிட்டால் திட்ட அனுமதியே வராது. தேவைப்பட்டால் பக்கத்து நிலத்தில் ஒரு கீற்றை விலைக்கு வாங்குவதைப் பற்றி இப்போதே பேசுங்கள். ஷெட் எழுந்த பிறகு அந்தக் கீற்றின் விலை வேறாக இருக்கும். மேலே மின்கம்பி எதுவும் போகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், இங்கே வெறும் இருப்பு மட்டுமா, மடித்துப் பேக்கிங் செய்வதும் நடக்குமா? தொழிற்சாலைகளுக்கான சட்ட விளக்கத்தில் பேக்கிங்கும் உற்பத்தி வேலைதான். வழக்கமாக, கட்டி முடித்த ஆறாவது மாதம் நாலு மேசை போட்டுப் பேக்கிங்கை அங்கே மாற்றிவிடுவார்கள். ஆள் எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் அது தொழிற்சாலை. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் வரைபட ஒப்புதல் வேண்டும். அந்த யோசனை இருந்தால் இன்றைய வரைபடத்திலேயே காட்டிவிடுங்கள்.

மேல்தளத்தில் ஆட்கள் தங்குவது

இதற்கு நான் வழி எதுவும் சொல்லப் போவதில்லை. கூடாது, அவ்வளவுதான்.

நீங்கள் வைக்கப்போவது பருத்தி நூல், துணி, அட்டைப்பெட்டி, பாலிதீன் உறை. பருத்தி பேலில் தீ பிடித்தால் மேலே அணைந்த மாதிரி இருந்துகொண்டே உள்ளே மணிக்கணக்கில் கனியும். பிரித்தால் மறுபடி பற்றும். புகை முதலில் போவது மேலேதான், அதாவது ஆட்கள் தூங்கும் மேல்தளத்துக்கு. திருட்டுக்குப் பயந்து இரவில் ஷட்டரை வெளியே பூட்டுவது நம் ஊரில் சாதாரணம். 2019 டிசம்பர் 8 அதிகாலை தில்லி அனாஜ் மண்டியில், பொருட்கள் அடைத்து வைத்திருந்த ஒரு தொழிற்கூடக் கட்டடத்தில் தீ பிடித்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறி. உரிமையாளர் கைதானார். கைது, வழக்கு எல்லாம் இருக்கட்டும், அந்த ஆட்கள் நம்மை நம்பி ஆயிரம் மைல் தாண்டி வந்தவர்கள். அவர்களுக்கு ஊருக்குள் ஒரு வீடு பிடித்துக் கொடுங்கள், அல்லது அதே 1 ஏக்கர் 80 சென்டில் ஷெட்டைவிட்டு நன்றாகத் தள்ளி, முறையான அனுமதியோடு, கழிப்பறையும் இரண்டு வாசலும் உள்ள தங்குமிடம் கட்டுங்கள். செலவு கூடும். அதை இந்தத் திட்டத்தின் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

தீயணைப்புத் துறையின் சான்றும் உங்களுக்குத் தேவைப்படும். வரைபடம் போடும்போதே ஒரு தீப்பாதுகாப்புப் பொறியாளரைக் கூட உட்கார வையுங்கள்: தண்ணீர்த் தொட்டி, பம்ப், வெளியே தள்ளித் திறக்கும் கதவுகள், வண்டி சுற்றி வரும் இடம். பின்னால் சேர்த்தால் தரையை உடைக்க வேண்டியிருக்கும்.

ஜி.எஸ்.டி.யும் பணமும்

முழுக்கத் திரும்ப வரும் என்பது தவறு. சொந்த உபயோகத்துக்கு அசையாச் சொத்து கட்டும்போது, அதற்கான பொருளுக்கும் வேலைக்கும் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக (நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக) எடுக்க முடியாது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பை வைத்து, கிடங்கையும் 'பிளாண்ட்' (தொழிலுக்கான இயந்திர அமைப்பு) என்று சொல்லி எடுத்துவிடலாம் என்று சிலர் நம்பினார்கள். 2025 நிதிச் சட்டம் அந்தச் சொற்றொடரை 2017 ஜூலை 1 முதலே திருத்தி வழியை அடைத்துவிட்டது. கட்டடப் பகுதி மட்டும் 2 கோடி என்று வைத்தால் 18 சதவீதத்தில் 36 லட்சம். மதிப்பீட்டில் இந்தத் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பாதி வேலையில் பணம் நின்றுவிடும். கட்டடத்தின் விலையோடு அதைச் சேர்த்து ஆண்டுக்கு 10 சதவீதத் தேய்மானம் எடுக்கலாம், அது மட்டுமே ஆறுதல். பேலட் அடுக்கும் ரேக், கிரேன், ஃபோர்க்லிஃப்ட், தீயணைப்பு பம்ப் போன்ற இயந்திரங்களுக்கான வரியை எடுக்க வாய்ப்பு உண்டு. அதனால் எல்லாவற்றையும் ஒரே மொத்த ஒப்பந்தமாகப் போடாமல் தனித்தனி பில்லாக வாங்குங்கள்.

'கொஞ்சம் பில் இல்லாமல் வாங்கினால் குறையும்' என்று ஒப்பந்தக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகைக்குத் தேய்மானம் கிடையாது. தீ விபத்தோ புயலோ வந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முன் கட்டடத்தின் மதிப்பை நிரூபிக்க உங்களிடம் காகிதம் இருக்காது. வேண்டாம்.

ஒப்பந்தக்காரரோடு எழுத்து ஒப்பந்தம் போடுங்கள். முதலில் மண் பரிசோதனை; அதன் அறிக்கைப்படி அடித்தளம். இரும்பின் தரம், தகட்டின் தடிமன், எந்தக் காற்று வேகத்துக்கு வடிவமைப்பு என்பதெல்லாம் இணைப்பாக வரட்டும். வேலை முடிந்த கட்டத்துக்கு ஏற்பப் பணம், கடைசி 5 சதவீதம் ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு. ஐப்பசியில் நனைந்த பெட்டிகளை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்களே. கூரையில் ஏறி வேலை செய்பவர் விழுந்தால், ஒப்பந்தக்காரரின் ஆள் என்று சொல்லித் தப்ப முடியாது. இழப்பீட்டுக்கு உங்கள் நிறுவனமும் பொறுப்பாகலாம். தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் எடுத்த பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம் தனி.

ஷெட் தயாரானதும் சரக்கை மாற்றுவதற்கு முன், அந்த முகவரியைக் கூடுதல் தொழிலிடமாக ஜி.எஸ்.டி. பதிவில் சேர்த்துவிடுங்கள். தீக்காப்பீட்டு பாலிசியிலும் அந்த முகவரி வர வேண்டும். பாலிசியில் இல்லாத இடத்தில் இருந்த சரக்குக்கு இழப்பீடு கேட்டு அலைவது மிகவும் வேதனையான வேலை.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

'நீ சொன்னதெல்லாம் தப்பு' என்று இந்தக் கடிதத்தை நீட்டாதீர்கள். வங்கி மேலாளரிடம் இருவரும் சேர்ந்து போங்கள். கடனுக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, திட்ட அனுமதி, நிலம் அப்பாவுடையது என்றால் அவருடைய ஜாமீன், நிறுவனத்தின் குத்தகை உரிமை என்று பட்டியல் வரும். தம்பி கேட்டால் சந்தேகமாகத் தெரிவது வங்கி கேட்டால் நடைமுறையாகத் தெரியும். அப்பாவிடம் பேசும் வேலையை அண்ணனிடமே விடுங்கள். மூத்தவர் மூலமாகப் போனால் அப்பாவும் தயங்கமாட்டார்.

தை மாதப் பூஜையை நிறுத்த வேண்டியதில்லை. பூஜை போடுங்கள். நிலத்தை அளந்து கல் நட்டு, வேலி சரிசெய்து, மண் பரிசோதனைக்குத் துளை போடும் வேலையை அன்றே ஆரம்பிக்கலாம். திட்ட அனுமதி கையில் வந்து, குத்தகைப் பத்திரம் பதிவாகும்வரை கான்கிரீட் மட்டும் ஊற்றாதீர்கள். இப்போதுள்ள மூன்று குடோன்களில் ஒழுகுவதை மட்டும் காலி செய்துவிட்டு, மற்ற இரண்டுக்கும் இன்னும் ஒரு வருடத்துக்கு வாடகை ஒப்பந்தத்தை நீட்டிக்கொள்ளுங்கள்.